ஆறு நாள் உப்புப் படாத நாக்கு

பூபாலசிங்கத்தின் கையில் எதுவும் தங்காது. கொழும்பு வெள்ளவத்தையில் அவர் குடியிருந்த ஒழுங்கை வீடுகள் முழுவதற்கும் இது தெரியும். கிளி வளர்த்தார், செத்தது. பல்கனியில் துளசி வைத்தார், கருகியது. தண்ணீரே கேட்காத கற்றாழைகூட அவர் ஊற்றிய தண்ணீரில் அழுகிப்போனது.

மனிதர் அடங்கினாரா? புறக்கோட்டை மொத்தக்கடையில் முப்பத்து நாலு வருடம் களஞ்சியம் பார்த்து ஓய்வுபெற்ற கையோடு, கடல்மீன் வளர்க்கப் போவதாக இரண்டடிக் கண்ணாடித் தொட்டியோடு மூன்றாம் மாடி ஏறினார்.

"இதுவும் செத்தால் தொட்டி குப்பைக்குத்தான். பிள்ளையில்லாத வீட்டில இன்னொரு செத்தவீடு என்னால ஏலாது," என்றார் மனைவி ரஜனி.

தெமட்டகொடை மீன்கடைச் சப்ரி, தண்ணீரில் நல்ல கிருமிகள் வளரும்வரை ஆறு கிழமை, ஒன்றரை மாதம், மீன் போடவேண்டாம் என்றான். "உப்பு பாக்குற மீட்டர் ஒண்டும் எடுங்க அங்கிள்."

"கடல் என்ர வீட்டுக்குப் பின்னால கிடக்குது தம்பி. கடல் தண்ணிக்கு உப்புப் பாக்கிறதோ?"

ஆறு கிழமையும் கூடத்தில் வெறும் தண்ணீரும் நாலு கல்லும் விளக்கு வெளிச்சத்தில் இருந்தன. ஆட்கள் வந்து பார்த்தார்கள். கீழ்வீட்டு பஹ்மியா குனிந்து தேடிவிட்டு, "மீன் எங்க அங்கிள்?" என்று கேட்டாள்.

"மீன் இல்லை பிள்ளை. இப்ப கிருமி வளருது."

"நல்ல வடிவு அங்கிள்," என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போனாள்.

மின்விசிறிக் காற்றில் தண்ணீர் தினமும் ஒரு விரல் குறையும். பூபாலசிங்கம் காலையில் போத்தலோடு தண்டவாளம் கடந்து போய், கடல் தண்ணீர் மொண்டு வந்து நிரப்புவார். அதில் அவருக்குப் பெரிய பெருமை.

கந்தசஷ்டி ஐந்தாம் நாள் மீன் வந்தது. செம்மஞ்சள் உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டி. அன்று முழுக்க அவர் தொட்டியை விட்டு அசையவில்லை. ஆறாம் நாள் காலை, மீன் அடியில் சரிந்து கிடந்தது. செவுள் மட்டும் அடித்தது.

பூபாலசிங்கம் உடனே சப்ரிக்குப் போன் எடுத்தார்.

"ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான் அங்கிள். உப்பு உள்ளுக்கே நிக்கும். நீங்க அதுக்கு மேல இன்னும் உப்புத் தண்ணியா ஊத்தினீங்க? மீட்டரோட நான் வந்து சேர ஒண்டரை மணித்தியாலமாவது போகும். மீன் தாங்காது."

பூபாலசிங்கம் மெல்லத் திரும்பி ரஜனியைப் பார்த்தார். கொழும்பிலேயே நுட்பமான உப்பு மீட்டர் அங்கே கையில் விபூதியோடு நின்றது. ஆறு நாளாகப் பாலும் பழமும்தான். உப்பே படாத நாக்கு. ருசி பார்த்துச் சொல்லச் சொல்லிக் கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லை. இருபத்தாறு வருடமாக ரஜனி பிடிக்கிற கந்தசஷ்டி விரதம் அது. பிள்ளைக்காகத் தொடங்கியது. பிறகு எதற்காக என்று அவர் சொன்னதுமில்லை, இவர் கேட்டதுமில்லை.

ரஜனி தானே வந்து, தொட்டியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். முகம் கோணியது.

"இது கடலோ, கருவாட்டுச் சட்டியோ? ஓடிப்போய்க் கடல் தண்ணி கொண்டு வாங்கோ, ஒத்துப் பாப்பம்."

பூபாலசிங்கம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். பிறகு ரஜனி, சொதிக்கு உப்புப் பார்ப்பதுபோல ஒரு சொட்டுக் கடல், ஒரு சொட்டுத் தொட்டி என்று மாறி மாறி ருசி பார்த்தார். தொட்டியிலிருந்து ஒரு அகப்பை மொண்டு வெளியே ஊற்றினால், கொதித்தாறிய தண்ணீர் ஒரு அகப்பை உள்ளே போகும். ஒரு மணித்தியாலம் போவதற்குள் மீன் ஒருமுறை புரண்டது. பிறகு நிமிர்ந்து நின்றது.

அப்போதுதான் பூபாலசிங்கத்துக்கு மற்றதைக் கேட்க வாய் வந்தது.

"இஞ்சேரும், உம்மட விரதம் முறிஞ்சு போச்சே. இந்தமுறை என்ன நினைச்சுப் பிடிச்சனீர்?"

ரஜனி அகப்பையை அவர் கையில் கொடுத்தார்.

"உங்கட கையில ஒண்டாவது உயிரோட தங்கட்டும் எண்டுதான்," என்றார். இன்னொரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தார். "இன்னும் அரை அகப்பை ஊத்துங்கோ."