அத்தான் நடித்த யப்பான் படம்

திருகோணமலைக்கு ஆட்கள் கோணேசரையும் வெந்நீரூற்றையும் பார்க்கப் போவார்கள். நானும் பூமணி அக்காவும் ஒரு யப்பானியச் சாமுராய்ப் படம் பார்க்கப் போனோம். எழுபதுகளில், ஒரு பங்குனிச் சனிக்கிழமை. அந்தப் படத்தில் அக்காவின் கணவர், என் அத்தான், வருகிறார். படம் தியேட்டருக்கு வர முதலே அவர் போய்விட்டார். மாரிக்கடலில் வள்ளத்தோடு போனவரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. வீட்டில் அவருடைய போட்டோ ஒன்றுமில்லை.

கட்டைபறிச்சானிலிருந்து மூதூர் இறங்குதுறைக்கு மூன்று மைல், மாட்டுவண்டியில் போனோம். ஏழரை மணிக்கு லோஞ்ச் என்ற மோட்டார்ப் படகு, ஆளுக்கு ஒரு ரூபா, ஒன்றேகால் மணித்தியாலம். (காற்றுக் காலத்தில் முன்னுக்கு இருக்காதீர்கள். நான் இருந்து தொப்பலாக நனைந்தேன்.) பாதி வழியில் அக்கா, "நான்தான் படுக்கச் சொன்னனான், தம்பி" என்றார்.

கதை இதுதான். யப்பான்காரர் எங்கள் கரையில் ஒன்பது நாள் படம் பிடித்தார்கள். தோற்ற படையொன்று கடல் கடந்து தப்பும் காட்சி. தண்டு வலிக்க, அதாவது துடுப்புப் போட, தெரிந்தவர்கள் வேண்டுமென்று எங்கள் ஆட்களுக்கே தோல் கவசமும் கொம்பு வைத்த தொப்பியும் மாட்டினார்கள். பகிடியும் சிரிப்புமாக எல்லாம் நடந்தது. கடைசி நாள் ஒருவர் அம்பு பட்டு விழுந்து, கரையில் பிணமாகக் கிடக்கவேண்டும் என்றதும் எல்லோரும் பின்வாங்கினார்கள்.

"உயிரோட இருக்கேக்க பிணமாக் கிடக்க ஏலாது" என்று கவசத்தைக் கழற்றத் தொடங்கினார்கள். அத்தான் கரையில் நின்ற அக்காவைப் பார்த்தார். "போங்கோ, படத்தில முகம் வடிவாத் தெரியும்" என்றார் அக்கா.

டைரக்டருக்குத் திருப்தி வர ஐந்து தரம் சாகவேண்டியிருந்தது. ஒவ்வொரு தரமும் அவர் கைதட்டியதும் அத்தான் எழும்பி, மண்ணைத் தட்டிவிட்டு, அக்காவைப் பார்த்துச் சிரித்தாராம். எழும்பினபடியால் தோஷமில்லை என்று அக்கா அன்றைக்கு நம்பினார். அத்தான் போன பிறகு, பிணமாகக் கிடந்த தோஷம்தான் அவரைக் கொண்டுபோனது என்று ஊர் கதைத்தது. அவர் எழும்பியதை இன்னொரு தரம் கண்ணால் கண்டால்தான் தனக்கு ஆறும் என்று அக்கா நினைத்தார். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

இரண்டரைக் காட்சி, டிக்கெட் ஒரு ரூபா பத்துச் சதம். படம் எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. இடைவேளைக்குப் பிறகு வள்ளங்கள் வந்தன. எங்கள் கடல்! இரண்டாவது வள்ளத்தில் அத்தான், வழக்கம்போல் கீழுதட்டைக் கடித்தபடி தண்டு வலித்தார். அக்காவின் நகம் என் கையில் ஏறியது. அம்பு பட்டது. மணலில் கிடந்த அவர் முகம் திரை முழுக்க வந்தது. அடுத்த கணம் ஒரு மாளிகையில் இரண்டு பேர் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

படம் முடிந்ததும் அக்கா மாடிக்கு ஏறிப் படம் ஓட்டும் ஒப்பரேட்டரைப் பிடித்தார்.

"அண்ணை, அவர் எழும்பினதைக் காட்டேல்லையே?"

"படத்தில இருக்கிறது அவ்வளவுதான், தங்கச்சி. மிச்சத்தை வெட்டியிருப்பினம்."

"நான் பாத்தனான் அண்ணை. அஞ்சு தரமும் எழும்பினவர். வெட்டினதை எங்க வைச்சிருப்பினம்?"

ஒப்பரேட்டர் என்னைப் பார்த்தார். "யப்பானில" என்றார் மெதுவாக.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது பாலங்கள் வந்துவிட்டன, மூதூருக்குத் தரைவழியே போகலாம். அன்றைக்கு ஐந்து மணி லோஞ்சே கடைசி. அதை நாங்கள் விட்டோம். அக்கா ஆறரைக் காட்சிக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. வள்ளங்கள் வந்தன, அத்தான் தண்டு வலித்தார். கரையில் வில்லாளிகள் அம்பைத் தொடுத்தபோது அக்கா சட்டென்று எழும்பி என் கையைப் பிடித்து இழுத்தார்.

"வா தம்பி, போவம். அவர் இன்னும் தண்டு வலிச்சுக்கொண்டிருக்கிறார்."