புற்றுமண்ணும் வெறும் மாத்திரையும்

நெதர்லாந்தில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போனால், பிறந்தநாள்காரருக்கு மட்டும் வாழ்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட முடியாது. வட்டமாக நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் அத்தனை பேருக்கும், அவருடைய மாமியார், சித்தப்பா, மூன்றாம் வீட்டுக்காரர் என்று ஒருவர் விடாமல் கைகொடுத்து, ‘ஹெஃபெலிசிடேர்ட்’ என்று வாழ்த்திக்கொண்டே வர வேண்டும். மாமியாருக்கு எதற்கு வாழ்த்து என்று கேட்கக் கூடாது, இந்த ஊர் முறை அது. உட்ரெக்ட் நகரத்துக்கு வந்த புதிதில் அந்த வட்டத்தைக் கண்டாலே கையை எங்கே ஒளிப்பது என்றுதான் பார்ப்பேன். என் இரண்டு கைகளிலும் விரல் தொடங்கி முழங்கை வரைக்கும் சோரியாசிஸ். தோல் சிவந்து தடித்து, மேலே வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிரும். தொட்டால் ஒட்டாது என்று எனக்குத் தெரியும். கைநீட்டுகிறவருக்குத் தெரிய வேண்டுமே! அதனால் நேராகச் சமையலறைக்குப் போய், ஒரு கையில் காபிக் கோப்பை, மறு கையில் கேக் தட்டு என்று வாங்கிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டியபடி வட்டத்தைச் சுற்றி வருவேன். மரியாதை தெரியாத ஆள் என்றுதான் நினைத்திருப்பார்கள், பாவம்.

ஊரில் இதைவிடக் கூத்து. சங்கரன்கோவில் கோயில் வாசலில் எங்களுக்கு ஒரு கடை உண்டு. அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வருகிறவர்கள் உண்டியலில் போடுகிற உருக்களை விற்கிற கடை. கண்ணில் கோளாறென்றால் கண், காலில் வலியென்றால் கால், பாம்புக்கும் தேளுக்கும் பயந்தால் பாம்பும் தேளும் என்று மெல்லிய தகட்டில் அடித்து வைத்திருப்போம். தோல் வியாதிக்காரர்கள்தான் எங்களுக்கு அதிகம், ஏனென்றால் கோயிலில் தருகிற புற்றுமண்ணைப் பூசினால் படை குணமாகும் என்பது ஊரறிந்த நம்பிக்கை. அந்தக் கடைப் பையனுக்கே கையெல்லாம் படை. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்களே, அது நான்தான். அப்பா இறந்தபின் கடையை எடுத்து நடத்திய வடிவக்கா, எனக்குப் பத்தொன்பது வயதில் ஒருநாள், தகட்டை வாங்க வந்த ஒரு குடும்பம் என் கையைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்ததைக் கண்டாள். “நீ உள்ள இருலே மக்கா, யாவாரம் கெடுது” என்றாள். சொல்லிவிட்டு அவளும் அழுதாள், நானும் அழுதேன். அன்றிலிருந்து கல்லாவில் நான் உட்கார்ந்ததில்லை. படிப்பு, கம்ப்யூட்டர் வேலை, விமானம் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. எனக்கு மிச்சமிருந்த ஆசை ஒன்றே ஒன்று: ஒரு ஆடித்தபசுத் திருவிழா நாளிலாவது அந்தக் கல்லாவில் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார வேண்டும்.

இங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்ப டாக்டர் உண்டு, ‘ஹௌஸ்ஆர்ட்ஸ்’ என்பார்கள். எதற்குப் போனாலும் பாரசிட்டமால் எழுதி அனுப்புவார் என்று நம் ஆட்கள் அவரைக் கேலி செய்வதுண்டு, நானும் செய்திருக்கிறேன். அந்தப் புண்ணியவான்தான் என்னை ஓர் ஆராய்ச்சிக்கு அனுப்பினார். ஆராய்ச்சி டாக்டரம்மா ஒரு மணி நேரம் ஒதுக்கி எனக்கு விளக்கினாள். நோயெதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் சேதிகளில் ஒன்று நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறதாம். எதிரியே வராமல் சண்டைக்குக் கூப்பிடுகிற சேதி. அதனால் ஒரு மாதத்தில் வளர்ந்து உதிர வேண்டிய தோல் சில நாளிலேயே வளர்ந்து உதிர்கிறது. அந்தச் சேதியை மட்டும் தடுக்கிற ஊசிகள் வந்துவிட்டன, இப்போது அதையே மாத்திரையாகக் கொடுத்தால் கேட்குமா என்று பார்க்கிறார்கள். இருபது வருடத்துக்கும் மேலாக ‘என்ன பாவம் செய்தேனோ’ என்று நினைத்திருந்தவனுக்கு, பாவமுமில்லை சாபமுமில்லை, நிற்காத ஒரு சேதிதான் என்று கேட்டதே பாதி குணம். ஆனால் ஒன்று சொன்னாள். வருகிறவர்களில் சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஆராய்ச்சி முழுதும் முடிந்த பிறகே பிரித்துப் பார்ப்பார்கள். நான் ஒத்துக்கொண்டு கையெழுத்திட்டேன். அன்றிலிருந்து அங்கே எனக்குப் பெயரில்லை, ஓர் எண்தான்.

ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு படிவம் தருவார்கள். தோலில் வேறு மருந்து, களிம்பு, எண்ணெய் ஏதாவது பூசினீர்களா? இல்லை, இல்லை, இல்லை என்று எழுதிக் கொடுப்பேன். பொய்யில்லை என்றுதான் மனதார நினைத்தேன். மூன்றாவது முறை போனபோது, மரைக்க என்கிற நர்ஸ் என் முழங்கையைப் படமெடுக்கக் குனிந்தவள், செதிலுக்கிடையில் பழுப்பாக ஏதோ இருப்பதைப் பார்த்து, தோட்ட வேலை செய்தீர்களா என்றாள். இல்லை, அது கோயில் மண் என்றேன். கோயிலில் விழுந்துவிட்டீர்களா என்று பதறினாள். விழவில்லை அம்மா, தினமும் காலையில் குளித்துவிட்டு நெற்றியில் கொஞ்சம், முழங்கையில் கொஞ்சம் இட்டுக்கொள்வேன், மிச்சத்தை வாயில் போட்டுக்கொள்வேன் என்றேன். வாயிலா என்று கேட்டு, கையிலிருந்த கேமராவைக் கீழே வைத்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாமி பிரசாதத்தை எந்த மடையனாவது ‘களிம்பு’ என்று படிவத்தில் எழுதுவானா? எங்கள் ஊரில் ஒருத்தன்கூட எழுதமாட்டான். ஆனால் அந்த அறையில் நான் செய்தது பெரிய தப்பு. மாத்திரை கேட்டதா மண் கேட்டதா என்று இனி எப்படிச் சொல்வார்கள்?

கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் போய் ஒரு சின்ன தராசைக் கொண்டுவந்தாள். ஒரு நாளைக்கு எவ்வளவு என்றாள். ஒரு சிட்டிகை என்றேன். சிட்டிகை என்றால் எத்தனை கிராம்? சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினேன். பத்துத் தடவை சிட்டிகை எடுத்து வைக்கச் சொன்னாள், கூட்டிப் பத்தால் வகுத்தாள். எங்கள் அம்மனின் பிரசாதத்தை இத்தனை சிரத்தையாக யாரும் நிறுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. என்னை வைத்துக்கொள்வதா வெளியேற்றுவதா என்று குழு கூடி முடிவு செய்யும், வைத்துக்கொண்டாலும் மண்ணை அறவே விட்டுவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினாள்.

விவரம் தெரிந்த நாள் முதல் விடாத பழக்கம். மருந்துக்காக அம்மனைக் கைவிடுவதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போகக்கூடப் பொறுக்கவில்லை, ஆஸ்பத்திரி வாசலில் நின்றே அக்காவுக்குப் போன் போட்டேன். கடையில் கூட்டமாம், இருந்தாலும் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“கோயிலுக்கு வாரவுக என்னென்னமோ விடுதேன்னு நேர்ந்துக்கிடுதாக. நீ மண்ணை விடுதேன்னு நேர்ந்துக்கோ. நாலு பேரு சொகப்படத்தான விடுதே, அவ கோவிச்சுக்கிடவே மாட்டா.”

அழுகையை அடக்கிக்கொண்டு, அங்கேயே நின்று அப்படியே நேர்ந்துகொண்டேன். மறுவாரம் நர்ஸ் மரைக்க போன் செய்து, கேட்டதும் ஒளிக்காமல் சொன்னதால் குறிப்பெழுதி உங்களை வைத்துக்கொள்கிறோம் என்றாள். குளிர்காலம் முடிவதற்குள் விரல்கள் தெளிந்தன. பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை. நாற்பத்து மூன்று வயதில் என் சொந்தத் தோலை முதல்முறை பார்ப்பதுபோலத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

இந்த ஆடித்தபசுக்கு ஊருக்குப் போனேன். அக்கா எழுந்து, கல்லா நாற்காலியைத் துடைத்து என் பக்கம் தள்ளினாள். உட்கார்ந்தேன். தெருவெல்லாம் தலையாக இருந்தது. கண்ணீர் மறைத்ததில் எனக்குப் பாதி தெரியவில்லை. பிற்பகலில் திருவேங்கடம் போகும் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் ஒருவர் கை உரு ஒன்று கேட்டார். அவர் விரல்களிலும் அதே செதில். அவர் டிக்கெட் நீட்டினால் ஆட்கள் நுனியைப் பிடித்து வாங்குகிறார்களாம். அக்காவுக்கு வாய் நிற்குமா? என் தம்பிக்கு இதைவிட மோசமாக இருந்தது, இப்போது பாரும் என்று என் கையைக் காட்டிவிட்டாள்.

“எதுல கொணமாச்சு அண்ணாச்சி? மண்ணுலயா, மாத்திரையிலயா?”

எனக்கே தெரியாது என்றேன். மாத்திரை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் ஆராய்ச்சி முடியும்வரை சத்தியம் செய்ய முடியாது என்று சொல்லி, வெறும் மாத்திரைக் கதையை விளக்கினேன். நீர் உருவை உண்டியலில் போடும், வேண்டாம் என்று சொல்ல நான் யார், ஆனால் திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரையும் பாரும், இப்போது இதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன என்றேன். அவர் போவதாகச் சொன்னார். ஆனால் நகரவில்லை.

“வெறும் மாத்திரைய முழுங்குனவுகளுக்கு என்ன கெடைச்சுது?”

அவர் கேட்ட கை உருவை எடுத்துத் தாளில் சுற்றிக் கொடுத்தேன். அவர்களும் என்னைப்போலவே அரிப்போடு வந்து, தங்களுக்குக் கிடைக்காமலும் போகலாம் என்று தெரிந்தே கையெழுத்திட்டவர்கள். காத்திருக்கும் அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம், முகங்கள் நினைவிருக்கின்றன. ஒருவர் பெயர்கூடத் தெரியாது. என் கை தெளிந்தது மருந்தால்தான் என்று தெரிவதே அவர்கள் கையோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான். இத்தனை மாதமாக அவர்களை நான் ஒருமுறைகூட நினைக்கவில்லை.

கடையை அக்கா மகளிடம் விட்டுவிட்டு, அக்காவும் நானும் அம்மன் சன்னதிக்குப் போனோம். தேங்காய் பழத் தட்டை வாங்கிய அர்ச்சகர், யாருக்கு, பெயர் நட்சத்திரம் சொல்லுங்கள் என்றார். பெயர் தெரியாது சாமி, என்னோடு சேர்ந்து மாத்திரை சாப்பிட்டவர்கள் என்றேன். பின்னால் கூட்டம் நெருக்கியது. சரி, ஊராவது சொல்லுங்கள் என்றார். உட்ரெக்ட் என்றேன். அவர் அந்தப் பெயரை வாய்க்குள் இரண்டு முறை உருட்டிப் பார்த்துவிட்டு, அது எந்தப் பக்கம் என்று கேட்டார்.

“நம்ம ஊருதான் சாமி.”

சொல்லிவிட்டேன். பக்கத்தில் கைகூப்பி நின்ற அக்கா கண்ணைத் திறந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள்.