கடித்து வைத்த ரொட்டி

முகர்ரமின் சமையலறைச் சுவரில் ஒரு ரொட்டி ஐந்து வருடமாக ஆணியில் தொங்கியது. அவள் கையால் சுட்டது. நடுவில் பூ அச்சு குத்தி, கருஞ்சீரகம் தூவியது. அதன் ஓரத்தில் ஒரே ஒரு கடி இருக்கும். அவள் புருஷன் எர்காஷ் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் புறப்பட்ட காலையில் வாசலில் நின்று கடித்த கடி அது. அவர்கள் ஊரான கோகண்டில் யார் தூரதேசம் போனாலும் இப்படித்தான். ஒரு வாய் கடித்துவிட்டுப் போக வேண்டும், மிச்சத்தைத் திரும்பி வந்து தின்று முடிக்க வேண்டும். அதுவரை எலிக்கும் எறும்புக்கும் கொடுக்காமல் காப்பாற்றுவது வீட்டுக்காரியின் பாடு.

முகர்ரம் காப்பாற்றினாள். தினமும் விடியலில் சந்தைக்கு ரொட்டி சுட்டுப் போட்டுவிட்டு வந்து, தேநீர்க் கிண்ணத்தோடு அதன் முன்னால்தான் உட்காருவாள். எர்காஷின் மேல்வரிசை முன்பற்கள் இரண்டில் ஒன்று கொஞ்சம் திரும்பி, பக்கத்துப் பல்லின் மேல் தோள் சாய்த்திருக்கும். ரொட்டியின் கடியிலும் அந்தக் கோணல் அப்படியே விழுந்திருந்தது. பார்க்கும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும். சில நாள் அழுகையும் வரும், யாரிடம் மறைக்க?

அந்தக் கோணல் பல் தெரிய அவன் சிரிக்கும் சிரிப்பு இருக்கிறதே, அது தெருக்கோடி வரை கேட்கும். தேநீர்க்கடைக் கட்டிலில் நான்கு பேர் சேர்ந்தால் எர்காஷ் ஒருவரையும் விட்டு வைக்க மாட்டான். ஒருத்தனின் தொப்பையை, இன்னொருத்தனின் கழுதையை, கடைசியில் தன் கோணல் பல்லையே பிடித்துக் கேலி பண்ணுவான். பெண் பார்க்க வந்த அன்று முகர்ரம் அவன் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த சிரிப்பைக் கேட்டுவிட்டுத்தான் அம்மாவிடம் சரி என்று தலையாட்டினாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் பல்லுக்கு, இந்த ஊர் வழக்கப்படி, ஒரு தங்க உறை போட்டு அனுப்பினார்கள். எர்காஷ் அதைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்கு ராத்திரி விளக்கு வேண்டாம் போலிருக்கே" என்றான். அன்றைக்கு ஆரம்பித்த கேலிதான்.

மகளின் கல்யாணத்துக்கும் ஒழுகுகிற கூரைக்குமாகத்தான் அவன் போனது. இரண்டும் ஆயிற்று. அவன்தான் வரவில்லை. கடைசி ஒரு வருடம் போனில் முகமும் காட்டவில்லை. குரல் மட்டும் வரும், அதுவும் வாயில் துணி வைத்தது போல.

பக்கத்து வீட்டு ஹவாஹானுக்கு வாய் முழுக்கத் தங்கப்பல், பேச்சு மட்டும் வேப்பங்காய். "ஏண்டி முகர்ரம், ஆம்பளை மூஞ்சிய மறைக்கிறான்னா என்ன அர்த்தம்? அங்க ஒருத்தி இருக்கா, வேறென்ன?"

"போன் கெட்டுப் போச்சாம்" என்றாள் முகர்ரம்.

"போன்தான் கெட்டுச்சா?"

முகர்ரம் மாவு பிசைய எழுந்து போனாள். ஆனால் அன்றிலிருந்து ராத்திரியில் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

முலாம்பழக் காலத்தில் எர்காஷ் வந்து இறங்கினான். வாசலில் நின்று சிரித்தான், முகர்ரமுக்குத் திக்கென்றது. வாய் நிறைய வெள்ளை. வரிசையாக, நேராக, சுண்ணாம்பு அடித்த மதில் போல இரண்டு முன்பற்கள். கோணலைக் காணோம். தெரு முழுக்கக் கூடி வந்து, "அடேயப்பா, டிவியில வர்றவன் மாதிரி ஆயிட்டானே!" என்று வாயைப் பிளந்தது. முகர்ரமும் சிரித்து வைத்தாள். யாரோ ஒரு நல்ல மனிதரை வீட்டுக்குள் விட்டது போல இருந்தது அவளுக்கு.

புலாவ் இறங்கியது. விருந்தாளிகள் உட்கார்ந்தார்கள். முகர்ரம் ஆணியிலிருந்து ரொட்டியை எடுத்து, தூசி தட்டி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"நனைச்சுக் கொண்டு வரட்டுமா?" என்று மெல்லக் கேட்டாள்.

"எதுக்கு? நான் என்ன கிழவனா?" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான் எர்காஷ். பழைய கடிக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி, ஓங்கிக் கடித்தான். ஐந்து வருடம் காய்ந்த ரொட்டி, செங்கலுக்கு அண்ணன். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அவன் ரொட்டியை இழுத்தான். ரொட்டி வந்தது. கூடவே அந்த வெள்ளைப் பற்கள் இரண்டும் வந்து, ரொட்டியில் பதித்த பாதாம் பருப்பு போல உட்கார்ந்திருந்தன. எர்காஷின் வாயில் இரண்டு பழுப்புப் பல்கட்டைகள்தான் மிச்சம்.

யாரோ ஒருவர் பொத்துக்கொண்டு சிரித்துவிட்டார். எர்காஷ் கையால் வாயை மூடிக்கொண்டு எழுந்து உள்ளே போனான். பிறகு அவன் வெளியே வரவேயில்லை. விருந்தாளிகள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள்.

முகர்ரம் உள்ளே போனபோது அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"சாரத்துல இருந்து ஒரு குழாய் கழண்டு வந்து வாயில அடிச்சிடுச்சு, புள்ள" என்றான் கைக்குப் பின்னாலிருந்து. "ரெண்டும் பாதியோட போச்சு. போன வருஷம்."

"அதனாலதான் மூஞ்சியக் காட்டலையா?"

"எந்த மூஞ்சிய? கிளம்புறதுக்கு முந்தின நாள்தான் கேப் போட்டேன். இப்ப லேசான பசையிலதான் ஒட்டியிருக்கேன், ஒரு வாரம் கழிச்சு வா, கெட்டியா ஒட்டுறேன், அதுவரைக்கும் பார்த்துச் சாப்பிடுன்னாரு டாக்டர். விமானம் நிக்குமா? உன் முன்னாடி நல்ல வாயோட வந்து நிக்கணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்து எத்தனை நாள் தூக்கம் கெட்டேன் என்று முகர்ரமுக்கு ஆத்திரம் வந்தது. அதற்கு மேல் அன்பு வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, ரொட்டியிலிருந்து உறைகளைப் பிடுங்கிக் கைக்குட்டையில் முடிந்தாள். தின்னாத ரொட்டி மறுபடி ஆணிக்குப் போயிற்று.

எர்காஷ் வீட்டோடு கிடந்தான். தேநீர்க்கடைப் பக்கம் தலை வைக்கவில்லை. ஆட்கள் தேடி வந்தால் தூங்குவது போலப் படுத்துக்கொள்வான். சாப்பிடும்போதுகூட அவளுக்கு முதுகைக் காட்டிச் சாப்பிட்டான். ஒருநாள் மெதுவாகச் சொன்னான். "குளிர் வர்றதுக்குள்ள திரும்பப் போயிடலாம்னு பாக்குறேன்."

"எதுக்கு? கல்யாணமும் ஆச்சு, கூரையும் ஆச்சு."

"அங்க யாரும் என்னைச் சிரிக்கச் சொல்ல மாட்டாங்க."

முகர்ரம் எழுந்து போய்த் தலைத்துணியைக் கட்டிக்கொண்டாள். ஆணியிலிருந்த ரொட்டியைத் துணிப்பையில் போட்டாள். கைக்குட்டை முடிச்சையும் போட்டாள். "கிளம்புங்க. நபிஜான்கிட்டப் போறோம்."

நபிஜான் சந்தைக்குப் பின்னால் இருக்கும் பல் டாக்டர். எர்காஷின் பழைய தேநீர்க்கடைக் கூட்டாளியும்கூட. அவனிடமா போவது என்று எர்காஷ் எவ்வளவோ முரண்டு பிடித்துப் பார்த்தான். முகர்ரம் கையை விடவில்லை.

நபிஜான் விளக்கைத் திருப்பி, பல்கட்டைகளைத் தட்டிப் பார்த்தான், முகர்ரம் கைக்குட்டையை அவிழ்த்துக் காட்டிய உறைகளையும் புரட்டிப் பார்த்தான். "வேர் நல்லாத்தான் இருக்கு. இந்தப் பழைய கேப்பு உன் வாய்க்குப் பொருந்தவே இல்லை, அண்ணே. புதுசா போட்டுடலாம். எப்படி வேணும்?"

"நேரா. வெள்ளையா" என்றான் எர்காஷ், கையை வாயிலிருந்து எடுக்காமலே.

"வேண்டாம்" என்றாள் முகர்ரம். "முன்னாடி இருந்த மாதிரி வேணும்."

"முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும், அண்ணி? போட்டோ ஏதாவது இருக்கா, பல்லு தெரியுற மாதிரி?"

போட்டோவுக்கு நிற்கும்போது இந்த ஊர் ஆம்பளை எவன் சிரித்திருக்கிறான்? எல்லோரும் வட்டிக்குக் கொடுத்தவன் மாதிரித்தான் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். முகர்ரம் பையிலிருந்து ரொட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள்.

நபிஜான் அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றி, விளக்கை எர்காஷின் முகத்திலிருந்து ரொட்டியின் பக்கம் திருப்பினான். பல் பார்க்கிற சின்னக் கண்ணாடிக் கரண்டியை எடுத்துக் கடிக்குள் விட்டுப் பார்த்தான். "காஞ்சு சுருங்கியிருக்கு, அளவு எடுக்க ஆகாது. ஆனா எது எப்படித் திரும்பி நின்னுச்சுன்னு தெளிவாச் சொல்லுது." நிமிராமலே சொன்னான். "உன்னை விட இந்த நோயாளி எவ்வளவோ மேல், அண்ணே. வாயைத் திறன்னா திறந்தபடியே இருக்காரு."

எர்காஷின் தோள் ஒரு தடவை குலுங்கியது.

"அவருக்கு மயக்க ஊசி போட்டுடாத" என்றான் மெல்ல. "ஏற்கெனவே அஞ்சு வருஷமாத் தூங்குறாரு."

நபிஜான் சிரித்தான். எர்காஷும் சிரித்தான். முதலில் கைக்குள்ளேயே, பிறகு அடக்க முடியாமல் கை நழுவி மடியில் விழுந்தது. பல்கட்டைகள் தெரிய, பழையபடி தெருக்கோடிக்குக் கேட்கிற சிரிப்பு. வெளியே காத்திருந்தவர்கள் பல் டாக்டரிடம் இப்படியும் நடக்குமா என்று எட்டிப் பார்த்தார்கள். முகர்ரம் தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்ட அதே சிரிப்பு.

"கோணலாவே போடு" என்றான் எர்காஷ் மூச்சு வாங்க. "இவ வேற யாரையும் வீட்டுக்குள்ள விட மாட்டா."

நபிஜான் பல்கட்டைகளை ராவி, களிம்பில் அச்சு எடுத்து, மற்றப் பற்களின் தேநீர்க் கறைக்கு ஏற்ற நிறமும் பார்த்து வைத்துக்கொண்டான். பீங்கான் உறைகள் தயாரானதும் கெட்டிப் பசை வைத்து ஒட்டி, நன்றாக இறுகும்வரை உட்கார வைத்துத்தான் அனுப்பினான். ஒன்று திரும்பி, மற்றதன் மேல் தோள் சாய்த்திருந்தது. ஹவாஹான் வந்து பார்த்துவிட்டு, "இந்தக் கோணலுக்கா இவ்வளவு அலைச்சல்? தங்கத்துல போட்டிருக்கலாம்" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனாள்.

மறுநாள் பழைய ரொட்டியை முகர்ரம் சூடான பாலில் நனைத்து, பொடித்து, வெண்ணெய் போட்டுக் கொடுத்தாள். எர்காஷ் கிண்ணத்தை வழித்துத் தின்றான். பிறகு தந்தூர் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டி ஒன்றை, பயந்து பயந்து, பக்கவாட்டில் ஒரு வாய் கடித்தான். உறை அசையவில்லை. கடித்த இடத்தை அவளுக்கு நீட்டிக் காட்டினான். அந்தக் கோணல் அப்படியே விழுந்திருந்தது.

"பாத்தியா? அதே எர்காஷ்தான்" என்று சொல்லி, ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்தான். தேநீர்க்கடைக்குக் கிளம்பும் அவசரம்.

முகர்ரம் வாசலை மறித்துக்கொண்டாள். "அதை இங்க கடிச்சுப் போட்டுட்டுப் போகாதீங்க."

"டீக்கடைக்குத்தானே போறேன், புள்ள?"

"எங்க போனாலும் சரி. உட்காருங்க. முழுசையும் தின்னுட்டுப் போங்க."

எர்காஷ் அவள் முகத்தைப் பார்த்தான். கேலி பண்ண வாயெடுத்து, பண்ணாமல் உட்கார்ந்தான். அவள் எதிரில் உட்கார்ந்து தேநீர் ஊற்றிக்கொடுத்தாள். கடைசித் துணுக்கும் கடைசிக் கருஞ்சீரகமும் அவன் வாய்க்குள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, சமையலறைச் சுவரிலிருந்த ஆணியைக் குறடால் பிடுங்கி எடுத்தாள்.