‘வேண்டாதத அழிச்சிடுங்கண்ணே’

கூலாய் டவுனில் ஒரு போட்டோ கடையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பிலிம் கழுவிய காலத்திலிருந்து கைப்பேசியைக் கம்ப்யூட்டரில் சொருகிப் படம் எடுத்துக்கொடுக்கும் காலம் வரை அதே மேசைக்குப் பின்னால்தான் நின்றேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு மிஷினைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை, அதை யூடியூப்பில் பார்த்துக்கொள்ளலாம். முனியாண்டி அண்ணனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

1. பன்னிரண்டாயிரம் படம்

அவர் செனாய் பக்கம் பேக்டரி பஸ் ஓட்டுகிறவர். ஒரு செவ்வாய்க்கிழமை, கடை திறந்த கையோடு வந்து நின்றார். மனைவி லெட்சுமி இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. வருகிற திங்கட்கிழமை கருமக்கிரியை. பிரேம் போட்டு மாலை சாத்தப் பெரிய படம் வேண்டும். சாவு வீட்டில் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இருந்த படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார்களாம்.

“அதுல அவ போலீஸ்ல புடிச்ச ஆளு மாதிரி இருக்காம்மா. சிரிச்ச மாதிரி ஒன்னு எடுத்துக் குடு” என்றார்.

கைப்பேசியைச் சொருகினேன். பன்னிரண்டாயிரத்துக்கு மேல் படங்கள். முருகன், பிள்ளையார், ரோஜாப்பூ, ஆவி பறக்கும் காப்பிக் கோப்பை. எல்லாவற்றிலும் ‘இனிய காலை வணக்கம்’. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன், அந்த அம்மாவைக் காணோம். கல்யாண நாள், பத்துமலைப் பயணம், மகள் பட்டம் வாங்கியது, எதுவுமே இல்லை.

போன் நிறைந்துவிட்டது, அழித்துவிட்டேன் என்றார். இந்தக் குப்பையை விட்டுவிட்டா அதை அழித்தீர்கள் என்று கேட்டேன். ஆமாம், குப்பை என்றுதான் சொன்னேன். கோபம் வந்தால் என் வாய்க்குக் கதவு கிடையாது.

“சாமி படத்த எப்படிம்மா அழிக்கிறது? பாவம் இல்லையா?”

காப்பிக் கோப்பையிலுமா சாமி இருக்கிறார் என்றேன். அதிலும் ஓரத்தில் ஓம் போட்டிருப்பதாகச் சொன்னார். போட்டுத்தான் இருந்தது. நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேரின் போன் இந்த லட்சணத்தில்தான் இருக்கிறது. யாரோ அனுப்பிய சாமியைத் தொட பயம். சொந்தப் பெண்டாட்டி படத்தை அழிக்க மட்டும் கை கூசாது.

இதையெல்லாம் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

“நீதானம்மா சொன்ன, போன வருசம். வேண்டாதத அழிச்சிடுங்கண்ணேன்னு.”

2. நான் செய்தது

சொன்னேன்தான். ஸ்கூல் திறக்கும் நேரம், பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு வாசல் வரை வரிசை. இவர் போன் நிறைந்துவிட்டது என்று வந்து நின்றார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அந்த ஒரு வரியைச் சொல்லி அனுப்பினேன். எது வேண்டாதது என்று கேட்கவில்லை. ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்துக் கொடுத்திருந்தால் அரை மணி நேரம். இருபத்தாறு வருட அனுபவம் என்று பீற்றிக்கொள்கிறேனே, அந்த அனுபவத்தைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அழித்த படங்கள் போனின் குப்பைத் தொட்டியில் முப்பது நாள் கிடக்கும். அது எப்போதோ தாண்டிவிட்டது. ரெக்கவரி சாப்ட்வேர் போட்டேன், பாதி நெற்றியும் சேலை முந்தானையும்தான் வந்தன. மகளைக் கேட்டால், அப்பா போனில் இருக்கிறதே என்று அவள் வைத்துக்கொள்ளவில்லையாம். அந்த அம்மாவின் போன் லாக்கில் கிடந்தது, திறக்கும் நம்பர் யாருக்கும் தெரியவில்லை.

வேறு வழியில்லாமல் அந்தச் சாமி படங்களையே ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். மதியத்துக்கு மேல் ஒரு முருகன் வந்தார். வலது மூலையில் சின்ன வட்டம், வட்டத்துக்குள் ஒரு பெண் முகம். நம் படத்தை வைத்து வாழ்த்து அட்டை செய்யும் ஆப் இருக்கிறதே, அதில் செய்தது. யார் என்று கேட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“லெட்சுமி.”

அவர் போனில் மனைவி எண்ணை ‘வீடு’ என்று பதிந்திருந்தார். வாட்ஸ்அப்பில் அதைத் திறந்தேன். தினமும் காலை ஆறு மணிக்கு, அவர் பஸ்ஸில் ஆள் ஏற்றும் நேரத்தில், ஒரு சாமி, மூலையில் சிரித்த முகம். நானூற்றுச் சொச்சம். ஒன்றுகூடப் படிக்கப்படவில்லை, படங்கள் மட்டும் தானாகப் போனில் இறங்கியிருந்தன.

“பேசணும்னா கூப்பிடுவேன்ல. அதத் தொறக்கிறதில்ல” என்றார்.

3. நாலுக்கு ஆறு

அந்த வட்டத்தை நாலுக்கு ஆறு இன்ச் சைஸுக்கு மேல் இழுத்தால் முகம் கலைந்துபோகும். இழுத்துத் தா என்றார், முடியாது என்றேன். பெரிய பிரேமில் சுற்றிலும் வெள்ளை அட்டை வைத்து நடுவில் அந்தச் சின்னப் படத்தை ஒட்டிக் கொடுத்தேன்.

அதன் பிறகு யார் போனை நீட்டினாலும் முதலில் காப்பி எடுத்தேன். அம்மா, அப்பா, பிள்ளைகள் என்று ஆளுக்கொரு போல்டர், இரண்டு இடத்தில். அழிப்பது அப்புறம்தான். முதலாளி நேரம் போகிறது என்று கத்தினார், கத்தட்டும் என்று விட்டேன். நீங்களும் விடுங்கள்.

அந்தத் திங்கட்கிழமை கருமக்கிரியைக்குப் போயிருந்தேன். மாலை சாத்தினார்கள். படம் சின்னது, மாலை பெரியது. முகம் மறைந்துவிட்டது. முனியாண்டி அண்ணன் எழுந்து போய் மாலையைக் கழற்றிக் கீழே வைத்தார்.