சவுண்டுதானே என்றேன்

சபாபதிக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. டெங்கில் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பிரிக்ஃபீல்ட்ஸ் மசாஜ் கடை ஒன்றில் பதினோரு வருடம் ஊரார் முதுகைப் பிடித்துவிட்டுப் பிழைத்தவர். படுத்த இடத்திலிருந்தே "பாவம்யா நீ" என்று உச்சுக்கொட்டும் ஆட்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வேலை பார்க்க வேண்டும், ஒருவனும் பாவம் என்று சொல்லக்கூடாது. அவர் ஆசை அவ்வளவுதான்.

அந்த ஆசையில் மண்ணைப் போட்டவன் நான். பெயர் வாசு, கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரன். கிள்ளானில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றின் பத்து மெஷின்களும் என் கான்ட்ராக்டில் இருந்தன. தொண்ணூற்றெட்டில் அந்தக் கம்பெனி சபாபதியை டைப்பிஸ்ட்டாக எடுத்தது. மூன்று மாதம் சோதனை, தேறினால் நிரந்தரம். மேனேஜர் விநாயகமூர்த்தி கடிதத்தைக் கேசட்டில் பேசிக் கொடுப்பார். சபாபதி ஒரு காதில் கேசட்டைக் கேட்டுக்கொண்டே டைப் அடிப்பார். திரையில் இருப்பதையெல்லாம் ஒரு புரோகிராம் இங்கிலீஷில் வாசித்து அவருடைய இன்னொரு காதில் சொல்லும். அந்தக் குரல் சவுண்ட் கார்டு வழியாகத்தான் வரும். மற்றவர்கள் மெஷினில் சவுண்ட் கார்டு பாட்டுக் கேட்க. அவருக்கு அதுதான் கண்.

கடைசி வாரம், புதன்கிழமை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. என்னிடம் புது சீடி ஒன்று இருந்தது. சவுண்ட் கார்டை இயக்கும் புரோகிராமை டிரைவர் என்போம். அதன் புதுப் பதிப்பும் சீடியில் இருந்தது. புதுசென்றால் நல்லதுதானே என்று பத்து மெஷினிலும் ஏற்றினேன். சீடியில் இருந்த விளக்க ஃபைல் ஒன்றை அவசரத்தில் சபாபதியின் ஃபோல்டருக்குள் போட்டதைக்கூடக் கவனிக்கவில்லை. அவர் சாப்பிடப் போயிருந்தார். திரை ஒழுங்காகத் தெரிந்தது, கிளம்பிவிட்டேன். திரை தெரிந்து அவருக்கு என்ன ஆகப்போகிறது என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

மூன்று மணிக்குப் போன் வந்தது.

"வாசுண்ணே, மெஷின் பேச மாட்டேங்குது."

"சவுண்டுதானே சபா? நான் செராஸ்ல மாட்டிக்கிட்டேன் லா. வெள்ளிக்கிழம வந்து பாக்குறேன்."

"சரிண்ணே" என்றார்.

சோதனைக் காலத்தில் மேனேஜரிடம் போய் முடியவில்லை என்று சொல்ல அவருக்குப் பயம். பக்கத்து மேசை சந்திரகலாவை வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். அவள் இரண்டு வரி வாசித்துவிட்டு, "எனக்கும் வேல இருக்குண்ணே" என்று போய்விட்டாள். கடைசியில் மனக்கணக்கில் இறங்கினார். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பெயர், முகவரியோடு தனித்தனி ஃபைல் தயாராக இருக்கும். பட்டியலில் யாருக்கு எத்தனை தடவை கீழ் அம்புக்குறியை அழுத்த வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். நான் போட்ட ஃபைல் பட்டியலின் உச்சியில் போய் உட்கார்ந்திருந்தது. எல்லாம் ஒன்று தள்ளிப்போயிற்று. குரல் இருந்தால் பெயரைக் கேட்டிருப்பார். ஒரு கம்பெனிக்குச் சொன்ன ரகசிய விலை, வியாழக்கிழமை காலை அதன் போட்டிக் கம்பெனிக்கு ஃபேக்ஸில் போய்ச் சேர்ந்தது. அனுப்பிய கண்ணுள்ளவர்களில் ஒருத்தர்கூட அதைப் படித்துப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான் போனபோது விநாயகமூர்த்தி வாசலிலேயே நடந்ததைச் சொன்னார். "கண் தெரியாத ஆளை எடுத்தது என்ட பிழை, வாசு."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும், சார், பிழை என்னுடையது என்று. வாய்வரை வந்தது. பத்து மெஷின் கான்ட்ராக்ட் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன். த்தூ, நானெல்லாம் ஒரு மனுஷன்.

புது டிரைவரை நீக்கி, கார்டோடு வந்த பழைய டிஸ்க்கைப் போட்டு, மெஷினை மறுபடி ஓடவிட்டேன். கால் மணி நேர வேலை. இரண்டு நாள் முன்னால் வந்து செய்திருக்கலாம். ஸ்பீக்கரில் போட்டேன், மெஷின் பேசியது. சபாபதி முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கடைசியாக அடித்த ஃபைலைத் திறந்தார்.

அது அவர் அடித்ததில்லை. முந்தின நாள் அவர் வீட்டுக்குப் போன பிறகு சந்திரகலா அந்த மெஷினில் உட்கார்ந்து அடித்தது. மெஷின் ஊமை, அவருக்கு எங்கே கேட்கப்போகிறது என்று அப்படியே விட்டிருக்கிறாள். மேலே சபாபதியின் பெயர் இருந்தது. எனக்கு இரண்டாம் வரியிலேயே விளங்கிவிட்டது. ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைக்கக் கையை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கண்ணே. எனக்கு வந்த லெட்டர் போலருக்கு."

மெஷின் ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தது. வேலை திருப்தியாக இல்லை, கவனக்குறைவால் கம்பெனிக்கு நஷ்டம், இன்றோடு நிறுத்தப்படுகிறீர்கள், உங்கள் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள். முற்றுப்புள்ளிவரை கேட்டார். பிறகு ஃபைலை மூடி, மெஷினையும் முறைப்படி அணைத்தார்.

"வாசுண்ணே, சவுண்டுக்கு என்னதான் ஆச்சு? நான் ஏதும் தப்பா அமுக்கிட்டேனா?"

"தெரியல சபா. சில நேரம் தானாவே கெட்டுப்போவும் லா."

"எனக்காகச் செராஸ்லேருந்து வந்தீங்களே, தேங்க்ஸ்ண்ணே" என்று என் கையைத் தேடிப் பிடித்துக் குலுக்கினார்.