மூன்றாவது ஆளை நீ வந்து சொல்லு

என் பெயர் கதிரவன். வயது இருபத்து மூன்று. குவைத்தில் மஹ்பூலா என்ற இடத்தில், ஆறு பேர் தங்கும் ஒரு அறையில் இருக்கிறேன். எனக்குத் தமிழில் டைப் அடிக்க வராது. நான் வாயால் சொல்லச் சொல்ல, பக்கத்துக் கட்டில் அன்புமணி அண்ணன் அடிக்கிறார். அவருக்கும் ஊர் கடலூர்ப் பக்கம்தான், மேல்பட்டாம்பாக்கம். பேய் பிசாசு எதையும் நம்பாதவர். இப்போது அவர்தான் லைட்டை அணைக்க வேண்டாம் என்கிறார்.

இது கட்டிச் சொல்லும் கதை இல்லை. எனக்கு நடந்தது. என் வீட்டார் படிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். அவர்கள் படிக்காவிட்டால் மற்றவர்களாவது படியுங்கள்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் ரோட்டில், கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் தெரு. முப்பது வீடுகூட இருக்காது. சின்னதாக ஒரு மாதா கோயில். சாமியார் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாளெல்லாம் மணி அடிப்பது, ஜெபம் சொல்வது, சாவு விழுந்தால் குழிக்கு ஆள் சொல்லி அனுப்புவது எல்லாம் கோயில்பிள்ளை. அந்தக் கோயில்பிள்ளை என் அப்பா, லூர்துசாமி.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். அன்று சாயந்திரம் கல்லறைக்கு மெழுகுவத்தி ஏற்றிய பிறகு, போன திருநாளுக்குப் பிறகு இறந்தவர்களின் வாழ்க்கையைச் சொல்வார்கள். ஒவ்வொரு சிலுவைக்கும் தலைமாட்டில் நின்று ஒருவர் சொல்ல வேண்டும். நல்லதும் சொல்லலாம், கெட்டதும் சொல்லலாம். பொய் மட்டும் சொல்லக்கூடாது. குடித்தவனைக் குடித்தான் என்றுதான் சொல்வார்கள். கோயில்பிள்ளைதான் எல்லார் கதையையும் விசாரித்து வைத்திருப்பார்.

2011 செப்டம்பரில் நான் குவைத் வந்தேன். டிசம்பர் முப்பது, வெள்ளிக்கிழமை விடியற்காலை தானே புயல் கடலூரில் அடித்தது. டிவியில் பார்த்தேன். முந்திரி, பலா, தென்னை எதுவும் நிற்கவில்லை. வீட்டில் யாருக்குப் போட்டாலும் லைன் போகவில்லை. ஒரு வாரம் நான் சோறு தின்னவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை. எங்களுக்கு லீவு நாள். இங்கே மதியம் மூன்றரை, ஊரில் மாலை ஆறு.

ஒரு மிஸ்டு கால் வந்தது. 'அப்பா' என்று காட்டியது.

திருப்பிப் போட்டேன். பின்னால் கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"அப்பா, எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

"ம். புயல்ல தெருவுல யாருக்கும் வீடு இல்ல. மத்தபடி இருக்கறோம்."

"மணி யாரு அடிக்கறா?"

"நான்தான். ஒரு கையில கயிறு, ஒரு கையில போனு."

நான் அழுதேன். அவர் அழவில்லை. போனை வைத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. என் அப்பா எப்போது பேசினாலும் முதலில் 'சாப்பிட்டியா' என்றுதான் கேட்பார். அன்று கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அம்மாவிடமிருந்து போன். பக்கத்து ஊரில் போய் சார்ஜ் போட்டு வந்து பேசுவதாகச் சொன்னாள். குரல் கட்டியிருந்தது. ஏதோ சொல்ல வந்தாள். நான் முந்திக்கொண்டு, "அப்பாகிட்ட பேசிட்டம்மா, எல்லாம் சொன்னாரு" என்றேன்.

 "சரிப்பா" என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்பாவின் மிஸ்டு கால் வந்தது. நானும் திருப்பிப் பேசினேன்.

மார்ச்சில் ஆண்டி பெரியப்பா இறந்துபோனார். முந்திரித் தோப்பில் காவல் இருந்தவர். தோப்பு விழுந்த பிறகு ஆளும் விழுந்துவிட்டார் என்று என் கூடப்பிறந்த பிரிசில்லா அக்கா போனில் சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமையே அப்பா அவர் வாழ்க்கையைச் சொல்ல ஆரம்பித்தார்.

"கேட்டுக்க. இந்த வருஷம் நீ லீவுல வருவ. நீதான் கல்லறையில சொல்லணும்."

"நானா? நீங்க இருக்கும்போது நான் எதுக்கு?"

 கதைக்குப் போய்விட்டார்.

"ஆண்டி சின்ன வயசுல வடலூர் தைப்பூசத்துக்குத் தம்பியக் கூட்டிட்டுப் போனான். கூட்டத்துல தொலைஞ்சிட்டான்னு வந்து சொன்னான். தொலையல. கைய உதறிட்டு வந்தது இவன்தான்."

"யாருப்பா சொன்னது?"

"அவனேதான். இப்பதான் சொன்னான்."

இப்பதான் என்றால்... நான் கேட்பதற்குள் லைன் விட்டுவிட்டது.

காலிங் கார்டில் எத்தனை நிமிடம் மிச்சம் என்று பார்த்தேன். பேசுவதற்கு முன் எவ்வளவு இருந்ததோ அவ்வளவே இருந்தது. கம்பெனிக்காரன் ஏமாந்துவிட்டான் என்று சிரித்தேன்.

மே மாதம். கத்திரி வெயில். அப்பாவுக்குப் பின்னால் மழை கொட்டும் சத்தம்.

"மழையாப்பா?"

"இங்க விடவே இல்ல."

ஜூலையில் பொன்னி அத்தை. சத்துணவு சமைத்தவர். சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் இறந்தார். அப்பா அவரைப் பற்றியும் சொன்னார். கடைசியாக மிளகாய் பஜ்ஜி கேட்டாராம். ஒரு செருப்பு கட்டிலுக்கு அடியில் தூரமாகப் போய்விட்டதாம். தேட நேரமில்லாமல்...

"ஒத்தச் செருப்போடதான் வந்தா, பாவம்."

"எங்க வந்தாங்க?"

மழை சத்தம் மட்டும் கேட்டது.

"இந்த வருஷம் மொத்தம் மூணு பேரு" என்றார் அப்பா.

"மூணாவது யாரு?"

"அத நீ வந்து சொல்லு."

அம்மாவிடம் கேட்டேன். "மூணாவது ஆளு யாரும்மா?" லைன் விட்டுப்போனது. அம்மாதான் கட் செய்தாள் என்று இப்போது தெரியும்.

நவம்பர் ஒன்றாம் தேதி வந்து இறங்கினேன். முந்தின நாள்தான் நீலம் புயல் கரையைக் கடந்திருந்தது. நல்ல மழை. கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு அப்பா வரவில்லை. அக்கா வீட்டுக்காரர் ஞானசேகரன் மாமா பைக்கோடு நின்றார். ஏசு பாடுபட்ட கதையை நடிக்கும் எங்கள் தெரு பாஸ்கா நாடகத்தில் பிலாத்து, பேதுரு, யூதாஸ் எல்லாருக்கும் அவர்தான் குரல் கொடுப்பார். அவ்வளவு பேசுகிறவர், அன்று என் பையை வாங்கி வண்டியில் கட்டுவதிலேயே இருந்தார். ஊருக்குப் போகாமல் செம்மண்டலத்தில் அவர்கள் வீட்டுக்கே கூட்டிப்போனார்.

"அப்பா எங்க மாமா?"

"கல்லறையில இருக்காரு, மச்சான்."

நாளைக்குத் திருநாள். சுத்தம் செய்யப் போயிருப்பார் என்று நினைத்தேன். அக்கா எழுந்து சமையல் அறைக்குள் போனாள். தட்டு விழுந்தது. எடுக்கும் சத்தம் கேட்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பைக்கில் போகும்போது மாமா பாதி வழியில் வண்டியை நிறுத்தினார்.

"மச்சான், ஒன்னு சொல்லணும்..."

"சொல்லுங்க மாமா."

"...ஒன்னுமில்ல. மழக்கோட்டப் போட்டுக்க."

கல்லறைக்குப் போய்ச் சேரும்போது சாமியார் கல்லறைகளை மந்திரித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். மழை விட்டிருந்தது. தெரு மொத்தமும் இருந்தது. அப்பாவை மட்டும் காணவில்லை. மணி அடிக்கப் போயிருப்பார் என்று நினைத்து, யாரையும் கேட்காமல், ஆண்டி பெரியப்பா சிலுவைக்குத் தலைமாட்டில் போய் நின்றேன். அப்பா சொன்னபடியே சொன்னேன். தம்பியின் கையை உதறியதையும் சொன்னேன். கூட்டத்தில் ஒரு முனகல்.

பிறகு பொன்னி அத்தை. ஒற்றைச் செருப்பு என்றதும் அவர் மகள் வெண்மதி முன்னால் வந்தாள்.

"ஆஸ்பத்திரியில ஒரு செருப்புதான் குடுத்தாங்க. கட்டிலுக்கு அடியில கெடந்ததுன்னு. இன்னொன்னு கெடைக்கவே இல்ல. இத நான் யார்கிட்டயும் சொல்லலியே கதிரு. ஒனக்கு யாரு சொன்னா?"

"அப்பாதான்" என்றேன்.



பிறகு, என் முன்னால் நெருக்கமாக நின்றிருந்த ஆட்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். அவர்கள் சும்மா நிற்கவில்லை. மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

அவர்களுக்குப் பின்னால் மூன்றாவது சிலுவை.

லூர்துசாமி. இறப்பு 30.12.2011.

அதன் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் ஒன்றும் இல்லை.

புயல் அன்று விடியற்காலை, தெருவை எழுப்ப மணி அடிக்கப் போயிருக்கிறார். அரசமரம் கோயில் மேல் சாய்ந்திருக்கிறது. பத்து மாதம்... பொங்கலுக்குப் பேசினார்கள். ஈஸ்டருக்குப் பேசினார்கள். அக்கா பேசினாள், வெண்மதி பேசினாள், எதிர் வீட்டுக்காரர் பேசினார். எல்லாருக்கும் தெரியும். என்னைத் தவிர எல்லாருக்கும்.

"நீ போயி மூணு மாசம்தான் ஆயிருந்துச்சி" என்றாள் அம்மா. "பாஸ்போர்ட்டு கம்பெனிகிட்ட. ஒன்னால வரவும் முடியாது. அங்க தனியா கெடந்து அழுவ. யாரு இருக்கா ஒனக்கு?"

"அழுதிருப்பேன்மா. அழ விட்டிருக்கலாம் இல்ல?"

"சொல்லத்தான் வந்தேன். நீதான் அப்பாகிட்ட பேசிட்டேன்னு சொன்ன. மாப்ளதான் ஒங்கப்பா கொரல்ல பேசி சமாளிக்கறாருன்னு இருந்துட்டேன்."

ஞானசேகரன் மாமா முகம் வெளுத்தது.

"நானா? சத்தியமா இல்ல அத்த. நீங்கதான் யாரையோ வெச்சி பேச வெக்கிறீங்கன்னு நான் நெனச்சிட்டு..."

அப்போது ஆறு மணி.

என் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது.

அன்று காலையில்தான் புது சிம் போட்டிருந்தேன். அந்த நம்பர் யாருக்கும் தெரியாது.

ஒரே ஒரு ரிங். நின்றுவிட்டது.

'அப்பா.'

 திருப்பிப் போட்டேன். ஸ்பீக்கரை அழுத்தினேன்.

மணி அடிக்கும் சத்தம். மழை கொட்டும் சத்தம். எங்கள் தலைக்கு மேல் ஒரு சொட்டுகூட இல்லை.

"மூணாவது ஆளச் சொல்லிட்டியா?"

அம்மா போனைப் பார்க்கவில்லை. மருமகனின் வாயைப் பார்த்தாள். அது மூடியே இருந்தது.

"நீங்களும் மறைச்சிட்டீங்களேப்பா" என்றேன். "செத்துப்போன நீங்களும்."

"ஒன்கிட்ட பேசணும்னு இருந்துச்சி. சொல்லியிருந்தா போன எடுத்திருப்பியா?"

மழை...

பிறகு, அந்தக் குரல் மாறியது. வாழ்க்கை சொல்லும்போது அவருக்கு வருமே, அந்த நிதானமான குரல்.

"நாலாவது. இது அடுத்த வருஷத்துக்கு. கேட்டுக்க. பரங்கிப்பேட்டைல பொறந்தா. பதினேழு வயசுல எங்க தெருவுக்கு வந்தா. மீன் ஆயத் தெரியாது. பாடத் தெரியும். ரெண்டு புள்ள பெத்தா. வாழ்க்கையில ஒரே ஒரு பொய் சொன்னா, பெத்த மவன்கிட்ட..."

அம்மா எழுந்து வந்தாள். என் கையிலிருந்து போனை வாங்கினாள். அணைத்தாள்.

"வூட்டுக்குப் போலாம்" என்றாள்.

மறுநாள் மாமாவிடம் கேட்டேன். அப்பாவின் போன் மரத்துக்கு அடியில் அன்றே தூளாகிவிட்டது. உடைந்த மூடியை அக்கா எடுத்து வைத்திருந்தாள். மணி? மாமா கோயிலுக்குப் பின்னால் கூட்டிப்போனார். தார்ப்பாயைத் தூக்கினார். புயலில் விழுந்த மணி அப்படியே கிடந்தது. நாக்கு கழன்று தனியாக இருந்தது. பத்து மாதமாக எங்கள் தெருவில் மணியே அடிக்கவில்லை.

நவம்பர் கடைசியில் குவைத் திரும்பிவிட்டேன். கிளம்பும்போது அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். இனிமேல் எதையும் மறைக்கக்கூடாது. சிலுவையைத் தொட்டு, சரி என்றாள்.

நேற்று வெள்ளிக்கிழமை. மூன்றரை மணிக்கு அம்மா நம்பரிலிருந்து மிஸ்டு கால் வந்தது. பேசினேன். அம்மாவேதான். நல்லா இருக்கறேன் என்றாள். அக்கா பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றாள்.

சாப்பிட்டியா என்று கேட்கவில்லை.

பின்னால் மழை.

அன்புமணி அண்ணன் அவர் வீட்டுக்குப் போட்டுக் கேட்டார். கடலூர்ப் பக்கம் மழை பெய்து பத்து நாளாகிறதாம். அக்காவுக்குப் போட்டேன். "அம்மா தூங்கறாங்கடா. காலையில பேசச் சொல்றேன்" என்றாள். மாலை ஆறு மணிக்கு என் அம்மா தூங்கி நான் பார்த்ததில்லை. காலையில் போட்டேன். கடைக்குப் போயிருக்கிறாளாம்.

அக்கா சொல்வதை நம்ப முடியவில்லை. அம்மா குரலையும் நம்ப முடியவில்லை. காலிங் கார்டில் நிமிடம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இதைப் படிக்கிறவர்கள் யாராவது சிதம்பரம் ரோட்டில் போனால், ஆலப்பாக்கம் தாண்டி, புயலில் விழுந்த அரசமரம் எங்கே என்று கேளுங்கள், எங்கள் தெருவைக் காட்டுவார்கள். கோயிலை ஒட்டிய பச்சைக் கதவு வீடு. வெளியில் நின்று 'கதிரவன் அம்மா' என்று கூப்பிடுங்கள். யார் வந்து கதவைத் திறக்கிறார்கள் என்று பாருங்கள். எதுவாக இருந்தாலும் என்னிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.