செல்வியின் வீட்டைக் காத்த லாயர்

எண்பத்தைந்தாம் ஆண்டு ஐப்பசியில் என் வீடு கைவிட்டுப் போகப் பார்த்தது. மாரியம்மன் தடுத்தாள். அதைச் சொல்லத்தான் இந்தக் கோயிலில் உங்கள் முன்னால் எழுந்து நிற்கிறேன்.

கோல சிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டினேன். நானும் என் வீட்டுக்காரரும் ஓய்வு பெற்றபோது வாங்கிய பலகை வீடு அது. அவர் போன பிறகு என் பேருக்கு வந்தது. என்னோடு மகள் செல்வி மட்டும்தான். குழந்தையில் வந்த காய்ச்சல் மூளையைத் தாக்கிவிட்டது. முப்பது வயதிலும் நான்தான் அவளுக்குச் சோறு ஊட்ட வேண்டும்.

ரவாங்கில் வேலை செய்யும் மகன் வந்தான். "வீட்ட எம் பேருக்கு மாத்திக் குடும்மா. வித்துட்டு எல்லாரும் ரவாங்குக்கே போயிடலாம் லா" என்றான். செல்வியை அவர்கள் ஒரு வாரம்கூட வைத்துப் பார்த்ததில்லை. ஏதாவது இல்லத்தில் விட்டுவிடுவார்கள் என்று பயந்தேன். தோட்டத்து லயத்து வீடுகளில் என் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. மகனிடம் மட்டும் அந்த வாய் எழும்பாது. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போய் அம்மனிடம் சண்டைதான் போட்டேன். "என் வாயத்தான் அடைச்சிட்ட. வேற யாரையாச்சும் கேக்க வை தாயி" என்று அழுதேன்.

மறுநாள் மகன் என்னை லாயரிடம் கூட்டிப் போனான். அவன் பிடித்த லாயர். யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த ஒருவரின் பிள்ளை. எனக்கு நம்பிக்கையே வரவில்லை. தோட்டத்தில் கிராணி காட்டிய இடத்தில் எல்லாம் கைநாட்டு வைத்துப் பழகியவள் நான். அங்கேயும் எதுவும் கேட்காமல் கட்டைவிரலை நீட்டினேன். அவர் மை டப்பாவை மூடிவிட்டார்.

"தம்பி, நீங்க கொஞ்சம் வெளியில இருங்கோ" என்று மகனை அனுப்பினார். தாளில் இருந்ததை வரிவரியாகத் தமிழில் சொன்னார். பிறகு, "இப்ப நீங்க சொல்லுங்கோ அம்மா. இதில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"வீட்ட மவனுக்குக் குடுக்கறேன்னு."

"குடுக்க உங்களுக்கு விருப்பமோ?"

அறுபது வயதுவரை ஒரு தாளைக் காட்டி யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. குலுங்கி அழுதேன். "இல்லீங்கையா. எம் பொண்ணு எங்க போவா?"

மகனை உள்ளே கூப்பிட்டு, "அம்மாவுக்கு விருப்பமில்லை. நான் செய்ய மாட்டன்" என்றார். பீஸ் கொடுப்பவன் என் மகன். அதற்காக அந்த மனிதர் அசையவில்லை. மகன் கோபித்துக்கொண்டு தனியாகப் போய்விட்டான்.

அடுத்த மாதம் உயில் எழுதிக் கொடுத்தார். செல்வி இருக்கும்வரை வீட்டை யாரும் விற்க முடியாது. அதன் பிறகே மகனுக்கு. எனக்குப் பின் அவளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தங்கைக்கு. எனக்கு முட்டி வலி என்று அவரே வீடு தேடி வந்தார், சாட்சிக்கு இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு. செல்வியிடமும் குனிந்து, "இது உங்கட வீடு பிள்ளை" என்றார். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ, அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

பொங்கலுக்கு மகன் வந்தான். தன் தங்கை செல்விக்குப் புதுச் சட்டை வாங்கி வந்திருந்தான்.

உங்களிலும் என்னைப் போல் கைநாட்டுக்காரர்கள் இருக்கிறீர்கள். தாயிடம் முறையிடுங்கள். கூச்சப்படாமல் அந்த லாயரின் படியும் ஏறுங்கள்.

ஒன்றை மட்டும் இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு முன்னால் செல்வியை எடுத்துக்கொள் என்றுதான் அந்த ஐப்பசிவரை தினமும் விளக்கேற்றி வந்தேன். பெற்ற வாயால் அதைக் கேட்டேன். இப்போது அவளுக்கு நீண்ட ஆயுசு கேட்கிறேன்.